நீ உடைத்த முன்பல்

நீ உடைத்த முன்பல்லை இன்று காலை பிடுங்கிவிட்டார்கள். பஞ்சில் சுற்றிக் கொடுத்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். பாதிப் பல்தான். மற்றப் பாதி, கடல் தெருவை அறுத்த அந்த வெட்டுவாயில், என் பெக்கோ மெசின் புதைந்த சேற்றில் எங்கேயோ கிடக்கும். வேர் கறுத்துச் சீழ் கட்டியிருந்தது. இவ்வளவு காலம் இந்த வலியோடு எப்படி இருந்தீர்கள் என்று புத்தளத்துப் பல் டாக்டர் கேட்டார். பிறகு, எப்படி உடைந்தது என்றும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் ஒரே பதில்தான். "கூட்டாளி அடிச்சான்" என்பேன். கூடவே ஒரு சிரிப்பையும் சேர்த்துக்கொள்வேன். அடித்தவனையே கூட்டாளி என்று சொல்கிறானே, எவ்வளவு பெரிய மனசு என்று கேட்டவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும் என்றுதான் அந்தச் சிரிப்பும். ஆனால் இன்று வாய் மரத்துப்போய், ஈறுக்குள் பஞ்சைத் திணித்திருந்த நேரத்தில் முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன். என்னைச் சாவிலிருந்து இழுத்துப் போட்டவன் உடைத்தது என்றேன். டாக்டருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. "ஓம் ஓம், கதைக்க வேணாம், பஞ்ச இறுக்கிக் கடிங்க" என்றார்.

உனக்கு இதைக் கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பு வந்திருக்கும். கழுதை கடைசியில் வாய் திறந்த நேரம் பார்த்தாயா என்று சொல்லியிருப்பாய்.

நமக்குள் இருந்தது தொழில் போட்டி என்று உன் ஜனாஸா அடக்கத்துக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். போட்டியாவது மண்ணாவது. நமக்குள் இருந்தது பகை. ஒரே ஊரில் இரண்டு தெருக் கொந்தராத்துக்காரர்கள், ஒரே அரசாங்கக் கந்தோரின் ஒரே டெண்டர் பெட்டி. நீ தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த துணியோடு வந்த குடும்பத்துப் பிள்ளை. முகாமில் வளர்ந்து, லொறியில் கல் ஏற்றி இறக்கி, பிறகு சொந்தமாகக் கல்குவாரியும் நான்கு டிப்பரும் சேர்த்தவன். நான் வாப்பாவின் காணியை விற்று இரண்டு பெக்கோ வாங்கியவன். அந்த வித்தியாசம் எனக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் கந்தோர் விறாந்தையில் அத்தனை பேருக்கு முன்னால் உன்னை "வந்தான் வரத்தான்" என்றேன். நீ என் கழுத்துச் சட்டையைப் பிடித்து அலுமாரியோடு சாத்தினாய். மேலே இருந்த கோப்புகள் எல்லாம் நம் இரண்டு பேரின் தலையிலும் கொட்டின. அடுத்த கிழமை பாலாவிச் சந்திக்கு அருகில் நிறுத்தியிருந்த உன் டிப்பரின் நான்கு டயர்களை யாரோ கிழித்துவிட்டார்கள்.

யாரோ என்று எழுதுகிறேன் பார். இன்னும் கை வரவில்லை. என் ஆட்கள்தான். நான் சொல்லித்தான்.

பிறகு அந்தப் புயல் வந்தது. கண்டக்குழிக்கு அப்பால், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பு நீருமாக நிலம் ஒடுங்கிப்போகும் இடத்தில் கடல் தெருவை அறுத்துக்கொண்டு களப்புக்குள் பாய்ந்தது. அங்கே இருந்த மதகைப் பெயர்த்து எறிந்துவிட்டது. நான்கு பேர் சேர்ந்தாலும் உருட்ட முடியாத சிமெந்துக் குழாய்கள் களப்புக்குள் வெகுதூரம் தள்ளிக் கிடந்தன. தென்னைகள் வேரோடு சாய்ந்து, வெட்டுவாயில் குறுக்கே விழுந்து, தண்ணீர் அவற்றை அடித்து அடித்து நாராக்கிக்கொண்டிருந்தது. அப்பால் ஒரு முழு மீன்பிடிக் கிராமம் தனித்துப்போய்விட்டது. பாணும் மருந்தும் ஏற்றிப் போன வள்ளம் இரண்டாம் நாள் வெட்டுவாய்ச் சுழலில் கவிழ்ந்து, ஒருவரின் தொடை எலும்பு முறிந்தது. அந்த மனிதர் கத்திய கத்தல் காற்றையும் மீறிக் கேட்டது. அதன் பிறகு யாரும் வள்ளம் விடவில்லை.

நம் இருவரையும் அந்தக் கரைக்குக் கூப்பிட்டவர் சிலாபம் பக்கத்திலிருந்து வந்த டி.ஓ. மிஸ், அரசாங்கத் தொழில்நுட்ப உத்தியோகத்தர். மெலிந்த பெண். பெரிய சப்பாத்து. சிங்களம்தான் அவர் பாஷை. நமக்காகத் தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார். டெண்டர் இல்லை, வரைபடம் இல்லை, இரண்டுக்கும் நேரமும் இல்லை என்று தொடங்கினார். பிறகு நம்மை மாறி மாறிப் பார்த்துச் சொன்னார்.

"இவர்கிட்ட மெசின் இரிக்கி. ஒங்ககிட்ட கல்லு இரிக்கி. ரெண்டு பேரும் ஒண்டா செய்யோணும். ஏலாட்டி ரெண்டு பேரும் வீட்ட போங்க."

லாபமோ நட்டமோ இரண்டு பேருக்கும் ஒன்று. ஒருவரின் மெசின் பழுதானால் மற்றவர் அதைத் தன் பழுதாக எடுக்க வேண்டும். தண்ணீர் என்ன செய்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் வரைபடம் போடப்படும். ஒவ்வொரு காலையும் தறப்பாள் கூரைக்குக் கீழே ஒரு மேசை, நான்கு கதிரை. ஒன்று அவருக்கு, ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு, நான்காவது அந்தக் கிராமத்து மீனவர் சங்கத் தலைவர் சூசை அண்ணனுக்கு. தெருவை இழந்தவர் அவர், அவருடைய சொல் இல்லாமல் தெருவைக் கட்ட முடியாது என்றார் மிஸ். கையெழுத்துப் போடும்போது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் உன் முகத்தைப் பார்க்கவில்லை. பேனையை மட்டும் கைமாற்றிக்கொண்டோம்.

முதல் காலை மேசையில் நீதான் அந்தச் சட்டத்தைச் சொன்னாய். "தொடங்கிறதுக்கு நாலு பேரும் தலையாட்டோணும். நிப்பாட்டுறதுக்கு ஒருத்தர் போதும். ஏன் நிப்பாட்டின எண்டு பொறகு கேக்கலாம்." மிஸ் அதை உடனே எழுதிக்கொண்டார். சூசை அண்ணன் எழுந்து போய், கடலில் வலைக்கு அடையாளமாக மிதக்கவிடும் சிவப்புக் கொடிக்கம்புகள் நான்கைக் கொண்டுவந்து மேசையில் சாத்தி வைத்தார். நால்வரில் யார் ஒரு கொடியைத் தூக்கினாலும் அத்தனை மெசினும் நிற்க வேண்டும்.

எனக்கு இது பிடிக்கவில்லை. என் மெசினை என் எதிரி நிறுத்துவதா? கல்யாண வீட்டில் மாமியாருக்குக்கூட இவ்வளவு அதிகாரம் கிடையாது என்று என் ஆட்களிடம் சொல்லிச் சிரித்தேன். ஆனாலும் தலையாட்டினேன். ஆட்டாவிட்டால் வேலை இல்லை.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் என் உள்ளங்கை எரிகிறது. கம்பி வலைக்கூடு பின்னியவர்களின் விரல்கள் கிழிந்து, உப்புத் தண்ணீர் பட்டு, இரத்தமும் துருவும் ஒன்றாய் வழிந்தன. உன் டிப்பர் கொட்டும் கல்லைக் கடல் விழுங்கியது. கொட்டக் கொட்டத் தின்றது. நாம் மறியல் மறித்ததுபோல நின்றோம், அது முகத்தில் அறைந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் கரையின் நுனியில் நின்ற உன் டிப்பர் ஒன்றின் பின்சக்கரம் சறுக்க, டிரைவர் கதவைத் திறந்து குதிக்க, என் பெக்கோவின் கையை நீட்டச் சொல்லி அதைப் பிடித்து நிறுத்தினேன். நீ வந்து நன்றி சொல்லவில்லை. "ஒண்ட மெசின் இல்ல, நம்மட மெசின்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய். அதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது.

நீ கொடியை இரண்டு தடவை தூக்கினாய். முதல் தடவை வலைக்கூட்டின் முடிச்சு தளர்ந்திருக்கிறது என்று. அடுத்த தடவை கரையின் களப்புப் பக்கத்து அடியில் தண்ணீர் கசிகிறது என்று. அன்று நீ குந்தியிருந்து கசிவில் விரலை விட்டுத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். தெளிந்த தண்ணீர் வந்தால் வரட்டும், கலங்கி வந்தால் உள்ளே மண் போகிறது என்று பொருள், கரை தன்னைத் தானே தின்கிறது என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாய். அன்று தண்ணீர் தெளிந்துதான் இருந்தது. ஒரு மணித்தியாலம் வீணாகியது. அன்று பின்னேரம் ஆட்கள் முணுமுணுத்தார்கள். கல் உன்னுடையது, மெசின் என்னுடையது, பேர் யாருக்கு என்று நீ போட்டி போடுகிறாய் என்று என் ஆட்களில் ஒருவன் சொன்னான். நான் அவனை அதட்டவில்லை.

ஆறாம் நாள். இன்னும் முப்பது அடி மூட வேண்டியிருந்தது. மிஸ் மாவட்ட அலுவலகமான கச்சேரிக்குப் போயிருந்தார். சூசை அண்ணன் வெட்டுவாயின் அக்கரையில் தன் ஆட்களோடு மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் சனம் குவிந்து நின்றது. சாமான் லொறிகள், உறவுக்காரர், வேடிக்கை பார்க்க வந்தவர்கள், என் ஆட்கள். அக்கரையில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. மேலே மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது. மழை விழுந்து நீர் ஏறினால் ஆறு நாள் வேலையும் போய்விடும். என் ஒப்பரேட்டருக்குக் காய்ச்சல், அதனால் நானே பெக்கோவில் ஏறினேன். சனம் கூவிக்கொண்டே இருந்தது. அந்தக் கூவல் எனக்குத் தலைக்கேறிவிட்டது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

நீ களப்புப் பக்கத்து அடிவாரத்தில் குந்தியிருந்ததைக் கண்டேன். விரலைத் தண்ணீரில் விட்டாய். தூக்கிப் பார்த்தாய். பிறகு எழுந்து ஓடிப்போய்க் கொடியை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கினாய்.

நான் கொடியைக் கண்டேன்.

இந்த மூன்று சொல்லை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. என் மனைவிக்கும் சொன்னதில்லை. காணவில்லை என்றும் யாரிடமும் பொய் சொன்னதில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. கண்டேன். கண்டு, முகத்தைத் திருப்பி, லீவரை இன்னும் முன்னுக்குத் தள்ளினேன். இரண்டு தடவை நிறுத்தி ஒன்றும் நடக்கவில்லை, மூன்றாம் தடவையும் இவன் சண்டித்தனம் காட்டுகிறான், கடைசிக் கல்லை நான் போடுவது இவனுக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பின் ஒவ்வொரு சொல்லும் எனக்கு இன்னும் பாடம்.

நீ கொடியை எறிந்துவிட்டு ஓடி வந்தாய். ஓடுகிற மெசினின் படியில் தாவினாய். நிறுத்து என்று கத்தினாய். நான் காலால் உன் நெஞ்சில் உதைத்தேன். நீ விழவில்லை. ஒரு கையால் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையை முறுக்கி என் வாயில் ஓர் அடி விட்டாய். பல் உடைந்த சத்தம் என் மண்டைக்குள் கேட்டது. கண் இருண்டது. கழுத்துச் சட்டையைப் பிடித்து இழுத்தாய், அன்று அலுமாரியோடு சாத்திய அதே பிடி. இருவரும் கல்லின் மேல் விழுந்து உருண்டோம். என் முழங்கை பிளந்தது. நீ என்னை விடவில்லை, காலைப் பிடித்துக் கரையின் பின்பக்கமாக இழுத்துக்கொண்டே போனாய். நான் உன்னைக் கெட்ட வார்த்தையால் ஏசிக்கொண்டே போனேன்.

அப்போதுதான் கரை வாயைத் திறந்தது. பெக்கோவுக்குக் கீழே மண் இறங்கியது. மெசின் மெல்லச் சாய்ந்து, கையை ஆகாயத்துக்கு நீட்டிக்கொண்டு, களப்புப் பக்கமாகப் புரண்டு போனது. எஞ்சின் தண்ணீருக்குள்ளும் கொஞ்ச நேரம் இரைந்தது. பிறகு எண்ணெய்க் குமிழ்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. நான் உட்கார்ந்திருந்த கூடு முதலில் அடியில் போனது.

சனம் கண்டது வேறு. பின்னால் நின்றவர்களுக்குக் கொடி தெரியவில்லை, கசிவும் தெரியவில்லை. நீ மெசினில் ஏறி என்னை அடித்ததும், இழுத்துப் போட்டதும், ஆளில்லாத மெசின் தண்ணீருக்குள் போனதும்தான் தெரிந்தது. என் ஆட்கள் ஓடி வந்தார்கள். "ஆர் செஞ்ச?" என்று ஒருவன் என்னைத் தூக்கிப் பிடித்துக் கேட்டான். என் வாய் நிறைய இரத்தம், பேச முடியவில்லை. ஆனால் கை இருந்தது. அந்தக் கையை நீட்டி உன்னைக் காட்டினேன்.

மண்வெட்டிப் பிடியால் அடித்தார்கள். கல்லால் அடித்தார்கள். காலால் மிதித்தார்கள். மெசின் போன ஆத்திரம், தெரு போன ஆத்திரம், ஆறு நாள் உழைப்புப் போன ஆத்திரம், எல்லாம் உன் ஒருவன் முதுகில் இறங்கியது. நீ தலையைக் கையால் மூடிக்கொண்டு சுருண்டு கிடந்தாய். வாப்பா என்றோ உம்மா என்றோ அலறவில்லை. "தண்ணியப் பாருங்கடா, தண்ணியப் பாருங்க" என்றே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்து இரத்தம் துப்பிக்கொண்டிருந்தேன். நிறுத்துவதற்கு ஒருவர் போதும் என்று நம் மேசையில் எழுதியிருந்தது. நான் கையைத் தூக்கவில்லை.

நிறுத்தியவர் சூசை அண்ணன். அந்தச் சுழலுக்குள் வள்ளத்தை இறக்கி, பாதி வழியில் குதித்து நீந்தி வந்து, உன் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். அவருக்கும் இரண்டு அடி விழுந்த பிறகுதான் கைகள் ஓய்ந்தன.

உனக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது, விலா எலும்பு இரண்டு முறிந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த பொலிஸிடம் கல்லில் விழுந்தேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாயாம். வேலை நின்றது. நீ தலையாட்டாமல் தொடங்க முடியாது, அந்தச் சட்டத்தை நீயே போட்டாய், இனி ஆறு மாதம் ஆனாலும் தலையாட்ட மாட்டாய் என்று ஊர் பேசியது. மறுநாள் காலை தறப்பாளுக்குக் கீழே மிஸ், சூசை அண்ணன், நான் மூன்று பேரும் வெறும் கதிரையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். ஒரு திரீவீலர் வந்து நின்றது. கையைத் துணியில் தொங்கப் போட்டுக்கொண்டு, முகம் வீங்கி, ஒரு கண் மூடிய நிலையில் நீ இறங்கினாய். அடித்தவர்கள் வழி விட்டு விலகி நின்றார்கள்.

சூசை அண்ணன் கதையைத் தொடங்கினார். "நான் அக்கரையில இருந்து பாத்தன். கொடி மேல நிண்டது. நல்லா நிண்டது" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். மிஸ்ஸும் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். அப்போது நீ, வீங்கிய உதட்டால், அந்தக் கதையை மூடிவிட்டாய்.

"அது பொறகு. தண்ணி ஏறுது. வேலையப் பாப்பம்."

பிறகு நீ இடது கையால் மேசையில் கோடு இழுத்துக் காட்டினாய். நேராக மூட வேண்டாம், கரையைக் களப்புப் பக்கம் வளைத்துக் கொண்டுபோவோம், முதலில் அடியில் வலைக்கூடு, அதன் மேல்தான் மண் என்றாய். மிஸ் அந்தக் கோட்டைத் தாளில் ஏற்றினார். நான்கு தலையும் ஆடின. மூன்று நாளில் மூடினோம். வலி எடுத்த பெண்ணைச் சாக்குக் கட்டிலில் தூக்கிக்கொண்டு ஆட்கள் அதற்கு முன்பே, அடி வலைக்கூடு அக்கரையைத் தொட்டதும், கல் மேல் நடந்து வந்துவிட்டார்கள், பிள்ளை புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வானுக்குள் பிறந்தது. அந்தப் பிள்ளை இப்போது வெட்டுவாயடியில் நின்று வாகனங்களுக்குக் கை காட்டும்.

அதற்குப் பிறகு நாம் தனித்தனியாக டெண்டர் போடவில்லை. ஒரே மேசை, ஒரே சட்டம், கொடிகள். ஆலங்குடாவில் இறங்குதுறை உடைந்தபோது, எலுவன்குளம் பக்கத்தில் தாழ்ந்த சப்பாத்துப் பாலத்தை வெள்ளம் தின்றபோது, இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போனோம். ஒரே சகன் தட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இறைச்சித் துண்டைச் சின்னதாகப் பிய்த்து என் பக்கம் தள்ளிவிடுவாய், முன்பல் இல்லாதவனுக்கு என்று. அவ்வளவுதான், அந்த அடியைப் பற்றி உன் வாயிலிருந்து வந்த ஒரே கதை. நான் பதிலுக்கு உன் சாய்ந்த தோளைக் கேலி பண்ணுவேன். ஊர் நம்மைப் பார்த்து, அடித்தவனையே பங்காளியாக்கிக்கொண்டான் பார் என்று என்னைப் புகழ்ந்தது. நீ பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டு தேத்தண்ணி குடிப்பாய். நானும் குடிப்பேன். எத்தனை கோப்பை அப்படிக் குடித்திருப்போம்?

கேட்டால் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருந்தேன். நீ கேட்கவே இல்லை. கேட்காமலே குவாரியில் ஒரு பகல் பொழுது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தி, அப்படியே சாய்ந்துவிட்டாய். பழைய பிரஷர் என்றார்கள். அந்த அடிகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நான் கேட்காமலே டாக்டர் சொன்னார். எனக்குத் தெரியாது.

ஜனாஸா தொழுகைக்கு முன்னால், ஊர் வழமைப்படி உன் மகன் எழுந்து நின்றான். உன் உயரம், உன் தோள், முறியாத தோள். "எங்கட வாப்பா ஆருக்காவது கையால வாயால ஏதாவது செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிக்கோங்க" என்றான். பள்ளிவாசல் முழுக்க ஒரு தலைபோல என் பக்கம் திரும்பியது. உன் கையால் பல் போனவன் நான்தானே. அந்த நேரம் நான் எழுந்து, மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான் என்று சொல்லியிருக்க வேண்டும். உன் முகம் துணிக்குள் இருந்தது, நீ கிடந்த சந்தூக்குப் பெட்டி என் முழங்காலுக்கு எட்டிய தூரத்தில் இருந்தது. எழுந்தேன்.

"நான் மன்னிச்சிட்டன்" என்றேன்.

எத்தனை பேர் என் கையைப் பிடித்தார்கள் தெரியுமா? உன்னை மண்வெட்டிப் பிடியால் அடித்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். உன்னை அடக்கிவிட்டு வந்து நான் வாந்தி எடுத்தேன். வெயில் என்றேன் வீட்டில்.

இன்று பல் டாக்டரிடமிருந்து நேரே வெட்டுவாய்க்குத்தான் போனேன். நாம் அவசரத்துக்குக் கட்டிய கரையின் இடத்தில் இப்போது நிரந்தரப் பாலம் எழும்புகிறது. பழையபடி ஒரே மேசைதான். மிஸ் மாற்றலாகிப் போய்விட்டார், வேறு இரண்டு இளம் பொறியியலாளர்கள் வந்திருக்கிறார்கள். சூசை அண்ணன் அதே கதிரையில். உன் கதிரையில் உன் மகன். தூணுக்கு வெட்டிய குழிக்குள் என் மெசின் இறங்கி நின்றபோது அவன் கொடியைத் தூக்கினான். குழியின் அடியில் தண்ணீர் கலங்கலாக வருகிறது என்றான். என் கை, என் அனுமதியைக் கேட்காமலே மேலே போய், மெசினை நிறுத்தச் சொன்னது. எல்லோரும் இறங்கிப் பார்த்தோம். நண்டு வளை. ஒரு நண்டு பயந்து மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தது. பொறியியலாளர்கள் சிரித்தார்கள். உன் மகனுக்கு முகம் சிவந்தது.

நான் அவனைத் தறப்பாளுக்குப் பின்னால் கூட்டிப்போனேன். பஞ்சைத் துப்பிவிட்டு, பாதி மரத்த வாயால், இரத்தம் உதட்டில் வழிய வழியச் சொன்னேன். கொடியைக் கண்டதை. உதைத்ததை. கை நீட்டியதை. பள்ளியில் சொன்ன பொய்யை. என் மேல் கை வைப்பான் என்று நினைத்தேன், வைத்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"சூசை மாமா எனக்கு எப்பவோ சென்னாரு" என்றான். "ஜனாஸாவுல நான் ஒங்களப் பாத்துத்தான் கேட்டன்."

மண்மூட்டையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் கொடிக்கம்பைத் தரையில் ஊன்றினான். பிறகு உன் குரலில், அதே நிதானத்தில் சொன்னான்.

"நாளைக்கு ஜும்ஆ முடிய எழும்பி நிண்டு நான் திரும்பவும் கேக்கிறன். அடிச்ச ஆக்களும் தொழுகைச் சப்புல இரிப்பாங்க. நீங்க பதில் சொல்லுங்க."

ஓம் என்று தலையாட்டினேன். தொடங்குவதற்கு எல்லோரும் தலையாட்ட வேண்டும் என்றாயே, இதற்கு நாங்கள் இரண்டு பேரும் ஆட்டிவிட்டோம். நீயும் எப்போதோ ஆட்டியிருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன், அப்படி நினைக்க எனக்கு உரிமை இருக்கிறதோ தெரியவில்லை.

இதை எழுதும்போது பல் மேசையில் இருக்கிறது. இவ்வளவு சின்னது. உடம்பிலிருந்து கழன்றதை மண்ணில் புதைக்க வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். உன் கபுரடிக்குக் கொண்டுவரலாமா என்று யோசித்தேன். நாளை பதில் சொன்ன பிறகு பார்ப்போம், அதற்கு முன்னால் அங்கே வர முகம் இல்லை. புதுப் பல் கட்டச் சொன்னார் டாக்டர், வேண்டாம் என்றுவிட்டேன். நாளை பள்ளியில் பேசும்போது அந்த ஓட்டை வழியாகக் காற்றுப் போகும், சொல் சரியாக வராது, திரும்பச் சொல் என்பார்கள். திரும்பச் சொல்வேன்.

மரப்பு இறங்கிவிட்டது. வலி இப்போது காதுவரை ஏறி நிற்கிறது. டாக்டர் தந்த குளிசை பக்கத்தில் தண்ணீரோடு இருக்கிறது. நாளை ஜும்ஆ முடியும்வரை அதை நான் போடப்போவதில்லை.